பின்கட்டில் மூன்று இலக்கம்

காலை பத்து மணி. நியூயார்க் நகரின் தென்முனை, சீடர் தெரு, 77ஆம் எண் கட்டடம். உள்ளே ஊரின் பெரிய வங்கிகளின் குமாஸ்தாக்கள் வரிசையாக உட்கார்ந்து காசோலைகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்கிறார்கள். அந்த இடத்துக்குப் பெயர் கிளியரிங் ஹவுஸ். எந்த வங்கி எந்த வங்கிக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கூட்டிக் கழித்து, அன்றைய மொத்தத் தொகையை அறிவிப்பார்கள். பணக்காரர்களையும் பத்திரிகைகளின் வணிகப் பக்கத்தையும் தவிர வேறு யாருக்கு வேண்டும் அந்த எண்? அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் 1920களில் அந்த எண்ணுக்காக, வடக்கே சில மைல் தள்ளி, கறுப்பினத்தவர் வாழ்ந்த ஹார்லெமில் ஓர் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது! துணி வெளுக்கும் பெண்கள், லிஃப்ட் இயக்குபவர்கள், ரயில் நிலையப் போர்ட்டர்கள், முடிதிருத்தும் கடைக்காரர்கள், தேவாலயத்துப் பாட்டிமார்கள், அத்தனை பேரும்.

அமெரிக்காவின் நிழலுலகக் கதைகளில் முன்வாசலைச் சினிமா நமக்கு அலுக்க அலுக்கக் காட்டிவிட்டது. தொப்பி, நீளக் கோட்டு, துப்பாக்கி, கறுப்புக் கார். பின்கட்டில் ஒரு மேசை இருந்தது. அதன் மேல் சில்லறைக் குவியல், சீட்டுக் கட்டு, பேரேடு. அங்கே உட்கார்ந்து கணக்கு எழுதியவர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் சோறு தண்ணீர் மறந்துவிடும். வாருங்கள், அந்தப் பக்கம் போவோம்.

ஹார்லெம் ஆடிய ‘நம்பர்’ ஆட்டம் மிகச் சுலபம். 000 முதல் 999 வரை ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லிக் காசு கட்ட வேண்டும். ஒரு சென்ட்கூடக் கட்டலாம். உங்கள் எண் விழுந்தால் ஒன்றுக்கு 600. ஒரு சென்ட் கட்டியவருக்கு 6 டாலர். அன்றைக்கு 6 டாலர் என்றால் வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்குப் பல நாள் கூலி. தெருவில் வந்து சீட்டு எழுதிக் காசு வாங்கிப் போகிறவருக்கு ரன்னர் என்று பெயர். பல ரன்னர்களை மேய்ப்பவர் கன்ட்ரோலர். எல்லாப் பணமும் போய்ச் சேரும் முதலாளிக்குப் பெயர் பேங்கர்! ஆம், அப்படித்தான் அழைத்தார்கள். கறுப்பினத்தவருக்குக் கடன் தர மறுத்த வங்கிகள் நிறைந்த ஊரில், நம்பர் நடத்துபவரே பேங்கர். கடை வைக்க முன்பணம், வாடகைப் பாக்கிக்குக் கைமாற்று, பிள்ளையின் படிப்புக்கு உதவி, எல்லாவற்றுக்கும் அந்தக் கதவைத்தான் தட்டினார்கள்.

எண்ணை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்கிறீர்களா? கனவில்தான்! இன்ன கனவுக்கு இன்ன எண் என்று அகராதி போல அச்சடித்த கனவுப் புத்தகங்கள் விற்றன. மீன் கனவு வந்தால் ஓர் எண், செத்துப்போன தாத்தா வந்தால் ஓர் எண். சாவுக்குரிய எண் 769 என்பது ஹார்லெமில் குழந்தைக்கும் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடப்போகும் பாட்டுகளின் எண்களைப் பலகையில் எழுதிவைப்பார்களே, திங்கள்கிழமை அந்த எண்கள் மீது காசு குவியும். வீட்டு இலக்கம், பிறந்த தேதி, கண்ணெதிரே மோதிய காரின் நம்பர், எல்லாமே எண்தான்.

இப்போது கிளியரிங் ஹவுஸ் விஷயத்துக்கு வருகிறேன். அதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. இதற்கு முன் இருந்த பழைய ஆட்டத்தில் சக்கரத்தைச் சுற்றி எண் எடுத்தார்கள். சக்கரம் யார் கையில்? நடத்துபவர் கையில். அதிகம் பேர் கட்டிய எண் வராமல் பார்த்துக்கொள்ள அவருக்கு ஒரு நொடி போதும். கட்டுபவர்களுக்கும் அது தெரியும். ஆக, யாராலும் தொட முடியாத ஓர் எண் வேண்டும். அதைக் கண்டுபிடித்தவர் என்று வரலாறு சொல்வது கேஸ்பர் ஹோல்ஸ்டீனை. அன்று டென்மார்க்கின் கையிலிருந்த கரீபியத் தீவான செயின்ட் குரோயில் பிறந்து, நியூயார்க்கில் கடைச் சிப்பந்தியாக வேலை பார்த்தவர். ஓய்வு நேரத்தில் செய்தித்தாளின் வணிகப் பக்கத்தை விடாமல் படித்தார். கிளியரிங் ஹவுஸ் கணக்கு தினமும் மாறுவதையும், அதில் எந்த ஒழுங்கும் இல்லாததையும், அது எல்லாப் பத்திரிகைகளிலும் வருவதையும் கவனித்தார். அவ்வளவுதான், பொறி தட்டிவிட்டது!

முறை இப்படி: காசோலைகளின் மொத்தத் தொகையில் இரண்டாம், மூன்றாம் இலக்கங்களை எடு, அதோடு அறிவிக்கும் இருப்புத் தொகையில் மூன்றாம் இலக்கத்தை எடு, சேர்த்து எழுது. உதாரணத்துக்கு மொத்தம் 734 மில்லியன், இருப்பு 108 மில்லியன் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய எண் 348. எந்த ரவுடியாலும், எந்த அரசியல்வாதியாலும், ஏன், எந்த வங்கி முதலாளியாலும் அதை வளைக்க முடியாது. வால் ஸ்ட்ரீட்டின் மொத்தப் பண நடமாட்டமும் ஒரு சலவைக்காரப் பெண்ணின் ஒரு சென்ட்டுக்குச் சாட்சி சொன்னது!

நம் பக்கத்துச் செய்தித்தாள்களில் வேலூர், ராணிப்பேட்டை வட்டாரங்களிலிருந்து ‘காட்டன் சூதாட்டம், மூவர் கைது’ என்று துணுக்குச் செய்தி வரும். நம்பர் எழுதும் ஆட்டத்துக்கும் பருத்திக்கும் என்ன உறவு? நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் பம்பாய்க்கு டெலிபிரிண்டரில் வந்துகொண்டிருந்த காலத்தில், அந்த விலையின் மீது கட்டிய பந்தயம்தான் மட்காவாக வளர்ந்தது. விலை வருவது நின்று அறுபது ஆண்டு ஓடிவிட்டது. பெயரில் மட்டும் பருத்தி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொட முடியாத எண்ணைத் தேடி ஹார்லெமும் பம்பாயும் ஒரே ஊரின் வணிகப் பக்கத்துக்கே போயிருக்கின்றன, பாருங்கள்!

ஹோல்ஸ்டீன் குவித்த பணத்தைக் குடித்து அழிக்கவில்லை. ‘ஆப்பர்சூனிட்டி’ என்ற பத்திரிகை கறுப்பின எழுத்தாளர்களுக்கு நடத்திய இலக்கியப் போட்டிக்கான பரிசுப் பணம் அவருடையது. ஹார்லெம் மறுமலர்ச்சி என்று இன்று பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்துகிறார்களே, அதற்கு எண்ணெய் ஊற்றியதில் நம்பர் ஆட்டத்துக்கும் பங்கு உண்டு. சொந்தத் தீவில் புயல் அடித்தபோதும் அள்ளிக் கொடுத்தார். 1928இல் அவரைக் கடத்திக்கொண்டு போய் 50,000 டாலர் கேட்டார்கள். சில நாளில் விட்டுவிட்டார்கள். ஆனால் அந்தச் செய்தி பத்திரிகைகளில் வந்ததும் ஒரு விஷயம் வெளியே கசிந்தது: ஹார்லெமில் இவ்வளவு பணம் இருக்கிறதா!

அதைப் பிறகு பார்ப்போம். முதலில் கணக்கறைக்குள் நுழைந்துவிடலாம்.

நடுப்பகல். ஏதோ ஒரு குடியிருப்பின் மாடியில், வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு. ரன்னர்கள் கொண்டுவந்த சீட்டுகள் மேசையில் கொட்டப்படுகின்றன. ஒவ்வொரு சீட்டிலும் பெயர்கூட முழுதாக இருக்காது; ஒரு குறி, ஓர் எண், ஒரு தொகை. கூட்டல் எந்திரம் தடதடக்கிறது. எண் வாரியாகப் பிரித்து எழுதுகிறார்கள். ஒரே எண்ணில் காசு குவிந்தால் முதலாளிக்குத் தகவல் போகும். அவர் அந்த எண்ணில் ஒரு பகுதியை வேறொரு பேங்கரிடம் தாமே கட்டிவிடுவார், பாரத்தை இறக்கிவைப்பது போல. எப்போதும் மக்கள் விழுந்து கட்டும் சில எண்களுக்கு 600 கிடையாது, குறைத்துத்தான் தருவார்கள். அவற்றுக்கு வெட்டு எண்கள் என்றே பெயர். 1,000 டாலர் பரவலாக வந்தால் 600 போக 400 நிற்கும். ரன்னர் கமிஷன், கன்ட்ரோலர் பங்கு, வக்கீல், ஜாமீன், போலீஸ் மாமூல் எல்லாம் அதிலிருந்துதான். எண் விழுந்தவர் ரன்னர் கையில் பத்துக்கு ஒன்று வைப்பது வழக்கம்.

அந்த மேசையில் எனக்கு ஆகப் பிடித்த பொருள் காகிதம்தான். பிற்கால நம்பர் கணக்கறைகளிலும் குதிரைப் பந்தய புக்கிகளிடமும் ஒரு தினுசுக் காகிதம் இருந்தது. மந்திர வித்தைக்காரர்கள் மேடையில் பயன்படுத்துவது. சிகரெட் நுனியால் தொட்டால் போதும், ஒரு ஜொலிப்பு, காகிதம் காணாமல் போயிருக்கும், சாம்பல்கூட மிஞ்சாது. இன்னொரு தினுசு தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். பக்கத்திலேயே வாளியில் தண்ணீர் தயாராக இருக்கும். போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருவதற்குள் ஒரு நாளின் வியாபாரம் முழுவதும் வாளிக்குள் கஞ்சியாகிவிடும். சாட்சியம் இல்லை, வழக்கு இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தச் சீட்டு கரைந்த பிறகு உங்கள் எண் விழுந்தால் என்ன அத்தாட்சி? ரன்னரின் நினைவும் பேங்கரின் வாக்கும்தான். நீதிமன்றம் போக முடியாத வியாபாரத்தில் நாணயம் மட்டும்தான் முதல்.

அந்த நாணயத்துக்கு ஒரு கதை சொல்கிறேன். ஹார்லெம் அல்ல, பிட்ஸ்பர்க். அங்கே நம்பர் ஆட்டம் கஸ் கிரீன்லி, அவருடைய கூட்டாளி வூகி ஹாரிஸ் இருவர் கையில். 1930 ஆகஸ்ட் 5. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். எட்டாம் மாதம், ஐந்தாம் தேதி: 805. ஊரே தேதியைக் கட்டியிருந்தது. விழுந்ததும் 805! மற்ற பேங்கர்கள் பலர் இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடினார்கள். கிரீன்லியும் ஹாரிஸும் ஓடவில்லை. கையில் இருந்ததையெல்லாம் திரட்டி, கட்டியவர்களுக்குக் கொடுத்துத் தீர்த்தார்கள். மறுநாளிலிருந்து ஊரார் வேறு யாரிடம் சீட்டு எழுதுவார்கள்? அந்த வியாபாரத்தில் வந்த பணத்தில் கிரீன்லி பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் என்ற பேஸ்பால் அணியை வளர்த்தார். வெள்ளையர் லீக்குகள் சேர்க்க மறுத்த மாபெரும் ஆட்டக்காரர்களான சாட்செல் பெய்ஜும் ஜாஷ் கிப்சனும் அவருடைய அணியில் ஆடினார்கள். 1932இல் அவர்களுக்கென்று சொந்தமாக மைதானமே கட்டினார்!

மறுபடி ஹார்லெமுக்கு. எட்ஜ்கோம் அவென்யூ, 409. மேட்டுமேல் நிற்கும் உயரமான கட்டடம். கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸும், பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷலும் வாழ்ந்த முகவரி. அங்கேதான் குடியிருந்தார் ஸ்டெஃபனி செயின்ட் கிளேர். கரீபியத்திலிருந்து வந்தவர், பேச்சில் பிரெஞ்சு வாடை அடிக்கும். நம்பர் ஆட்டத்தின் ராணி. ஹார்லெமுக்கு அவர் ‘மேடம்’, வெளியாட்களுக்கு ‘குவீனி’.

எந்தக் கேங்ஸ்டரும் செய்யாத காரியத்தை இவர் செய்தார். விளம்பரம் கொடுத்தார்! ‘நியூயார்க் ஆம்ஸ்டர்டாம் நியூஸ்’ பத்திரிகையில், காசு கட்டி, தன் படத்தோடு. போலீஸார் வாரண்ட் இல்லாமல் உங்கள் வீட்டுக்குள் நுழைய முடியாது, உங்களைச் சோதிக்க முடியாது என்று தன் மக்களுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தார். யார் யாருக்கு மாமூல் போகிறது என்பதையும் போட்டுடைத்தார். 1929 டிசம்பரில் அவரைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். எட்டு மாதம் கழித்து வெளியே வந்தவர் நேராக நீதிபதி சீபரி நடத்திய ஊழல் விசாரணைக்குப் போய்ச் சாட்சிக் கூண்டில் ஏறி, தான் கொடுத்த லஞ்சக் கணக்கை ஒப்பித்தார். கணக்கு எழுதுபவரிடம் வம்பு வைத்துக்கொண்டால் அப்படித்தான்! பல காவலர்களின் வேலைக்கு ஆபத்து வந்தது. ஒரு பெண், கறுப்பினத்தவர், வந்தேறி, அதுவும் சட்டத்துக்கு வெளியே தொழில் செய்பவர், நீதிபதியின் முன் நின்று போலீஸின் கணக்கைப் படிக்கிறார். இதை எத்தனை முறை படித்தாலும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருக்கிறது எனக்கு.

பிறகு வந்தான் டச்சு ஷுல்ட்ஸ்.

இயற்பெயர் ஆர்தர் ஃபிளேகன்ஹைமர். மதுவிலக்குக் காலத்தில் பிராங்ஸ் பகுதியில் கள்ள பியர் விற்றுக் கொழுத்தவன். மதுவிலக்கு போகப்போகிறது, அடுத்த தொழில் என்ன என்று தேடிக்கொண்டிருந்தவனின் கண்ணில் ஹார்லெமின் சில்லறைக் குவியல் பட்டது. வழி திறந்துவிட்டதும் ஓர் எண்தான். 1931 நவம்பர், நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய நாள். விழுந்த எண் 527. கூட்டம் கூட்டமாகக் கட்டியிருந்தார்கள். ஹார்லெமின் பேங்கர்கள் ஒரே நாளில் படுத்துவிட்டார்கள். பணம் புரட்ட ஓடியவர்களுக்கு ஷுல்ட்ஸின் ஆட்கள் கை கொடுத்தார்கள். கடனாகக் கொடுத்த கை, கழுத்தைப் பிடித்தது. இணங்காதவர்களைத் துப்பாக்கி காட்டி இணங்கவைத்தார்கள். அலெக்ஸ் பாம்பெஸ் போன்ற பெரிய பேங்கர் தன் சொந்த வங்கியிலேயே சம்பள ஆளானார். (பாம்பெஸும் ஒரு பேஸ்பால் அணியின் உரிமையாளர், பின்னாளில் அந்த விளையாட்டின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது.)

செயின்ட் கிளேர் மட்டும் பணியவில்லை. அவர் பக்கம் பம்பி ஜான்சன் என்ற இளைஞர் நின்றார். ஷுல்ட்ஸின் சீட்டுகளை எழுதிய கடைகளுக்குள் மேடமே நுழைந்து கண்ணாடிகளை உடைத்துச் சீட்டுகளைக் கிழித்தார். ஒருமுறை அவனுடைய ஆட்களிடமிருந்து தப்ப, நிலவறையில் கரிக்குவியலுக்கு அடியில் ஒளிந்திருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஃபர் கோட்டு போட்டு ஹார்லெமில் வலம் வந்தவர், கரிக்குள்!

இதற்கிடையில் இன்னொன்று நடந்திருந்தது. இந்த ஆட்டத்தின் தொல்லை தாங்காமல் கிளியரிங் ஹவுஸ் தன் கணக்கை முழு இலக்கத்தில் வெளியிடுவதையே நிறுத்திவிட்டது. புதிய எண் வேண்டும். எல்லோரும் குதிரைப் பந்தயத்துக்கு மாறினார்கள். பந்தயப் பணத்தையெல்லாம் திரட்டி வென்றவர்களுக்குப் பங்கிடும் மைதானத்து டோட் கணக்குதான் ஆதாரம். வென்ற குதிரைகளுக்கு 2 டாலருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைக் கூட்ட வேண்டும். முதல் மூன்று ரேஸ்களின் கூட்டுத்தொகையில் புள்ளிக்கு இடப்பக்கத்து இலக்கம் முதல் எண். ஐந்து ரேஸ்கள் முடிந்ததும் அதேபோல் இரண்டாவது. ஏழு முடிந்ததும் மூன்றாவது. புரூக்ளின்காரர்களின் முறை இன்னும் எளிமை: மைதானத்தில் அன்று விழுந்த மொத்தப் பந்தயப் பணத்தின் கடைசி மூன்று இலக்கம். இதுவும் பத்திரிகையில் வரும், இதையும் யார் தொட முடியும் என்று மக்கள் நம்பினார்கள்.

தொட்டவர் பெயர் ஓட்டோ பெர்மன். ‘அபடாபா’ என்று பட்டப்பெயர். குண்டு உடம்பு, மின்னல் வேக மனக்கணக்கு. ஷுல்ட்ஸ் இவருக்கு வாரம் 10,000 டாலர் கொடுத்ததாகச் சொல்வார்கள். மனிதர் துப்பாக்கி எடுத்தவர் அல்ல. இவருடைய ஆயுதம் டெலிபோன்.

கொஞ்சம் கிட்டே வந்து பாருங்கள். பிற்பகல், மைதானத்தில் ஆறு ரேஸ்கள் முடிந்துவிட்டன. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் தெரிந்துவிட்டன. 5, 2 என்று வைத்துக்கொள்வோம். ஹார்லெம் கணக்கறையில் 520 முதல் 529 வரையிலான பத்து எண்களில் எதெதில் எவ்வளவு காசு குவிந்திருக்கிறது என்ற பட்டியல் தயார். டெலிபோன் அடிக்கிறது. 527இல் மலையாகக் குவிந்திருக்கிறது, 524இல் ஈ ஓட்டுகிறது. கடைசி ரேஸ் தொடங்கச் சில நிமிடங்கள். பெர்மன் பலகையைப் பார்க்கிறார். டோட் கணக்கில் ஒரு குதிரையின் மேல் பணம் கூடினால் அந்தக் குதிரைக்குக் கொடுக்கும் தொகை குறையும், மற்றவற்றுக்கு ஏறும். எந்தக் குதிரையில் எத்தனை டாலர் போட்டால் கூட்டுத்தொகை 7ஐ விட்டு நகரும்? பேனா இல்லை, காகிதம் இல்லை, தலைக்குள்ளேயே கணக்கு. ஓடிப்போய்ப் பணத்தைக் கட்டுகிறார்கள். குதிரைகள் ஓடுகின்றன. எண் நகர்ந்துவிட்டது!

சின்சினாட்டியிலும் நியூ ஆர்லியன்ஸிலும் இருந்த மைதானங்களில் இந்த வேலை நடந்தது. தினமும் பலித்ததா? இல்லை. பலிக்கும் நாள்களே போதும், லாபம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. இத்தனையும் நமக்குத் தெரிவது எப்படி? ஷுல்ட்ஸுக்குத் துணை நின்ற அரசியல் தாதா ஜிம்மி ஹைன்ஸ் மீது பின்னர் வழக்கு நடந்தபோது, ஷுல்ட்ஸின் வக்கீலே சாட்சிக் கூண்டில் ஏறிப் பின்கட்டு முழுவதையும் திறந்து காட்டிவிட்டார். அந்தக் கணக்கின் அழகில் மயங்காமல் இருக்க முடியாது. மயங்கிய அடுத்த நொடியே வயிறு எரிகிறது. ஒரு சென்ட் கட்டிவிட்டுச் செய்தித்தாளை நம்பிக் காத்திருந்த அந்தச் சலவைக்காரப் பெண்ணின் கையிலிருந்து, அவளுக்குத் தெரியாமலே, ஆயிரத்தில் ஒன்றாக இருந்த அந்த வாய்ப்பையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஆட்டம் முழுக்க எனக்கு மன்னிக்க முடியாதது அந்த டெலிபோன் அழைப்புதான்.

1935 அக்டோபர் 23, இரவு. நியூஜெர்சி மாநிலம் நெவார்க், பேலஸ் சாப்ஹவுஸ் என்ற உணவு விடுதி. அங்கேயும் பின்னறைதான்! மேசையில் கணக்குத் தாள்கள். பெர்மன், இரண்டு மெய்க்காப்பாளர்கள். ஷுல்ட்ஸ் கழிவறைக்குப் போயிருந்தான். தன்னை விரட்டிக்கொண்டிருந்த அரசு வழக்கறிஞர் டூயியைக் கொல்ல வேண்டும் என்று அவன் துடித்தான், மற்ற நிழலுலகத் தலைவர்கள் அது தங்கள் எல்லோர் தலையிலும் இடியாக இறங்கும் என்று மறுத்தார்கள், அவன் கேட்கவில்லை. அதனால் அவர்கள் முந்திக்கொண்டார்கள். உள்ளே நுழைந்த துப்பாக்கிகள் நான்கு பேரையும் சாய்த்தன. பெர்மனின் கணக்கு விடிவதற்குள் முடிந்தது. ஷுல்ட்ஸ் மருத்துவமனையில் மறுநாள்வரை இழுத்துக்கொண்டிருந்தான். அவன் படுக்கைக்கு ஒரு தந்தி வந்தது. விதைத்ததை அறுக்கிறாய் என்ற பொருளில் ஒரே வரி. அனுப்பியவர், ஹார்லெமின் மேடம்.

அதன் பின் நடந்ததில் சிலவற்றை ஓடிக்கொண்டே பார்த்துவிடலாம். குதிரைப் பந்தய முடிவுகளை நாடு முழுக்க புக்கிகளுக்குத் தந்தியில் விற்ற மோசஸ் அனன்பெர்க், பெரிய பத்திரிகை முதலாளி, 1940இல் வரி ஏய்ப்புக்காகச் சிறைக்குப் போனார். மைதானத்துக்குள் தந்தி நுழையத் தடை வந்தால், தொலைநோக்கியோடு ஆள் வெளியே மறைந்திருப்பார், உள்ளே இருப்பவர் கைஜாடை காட்டுவார். 1951இல் நிழலுலகம் பற்றிய செனட்டர் கீஃபாவரின் விசாரணை தொலைக்காட்சியில் வந்தபோது, சூதாட்ட எந்திரங்களின் முதலாளி ஃபிராங்க் காஸ்டெல்லோ முகத்தைக் காட்ட மறுத்தார். கேமரா அவருடைய கைகளை மட்டும் காட்டியது. கோடிக்கணக்கானோர், பதில் சொல்லத் திணறிக் காகிதத்தைக் கசக்கும் பத்து விரல்களை வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள்!

லாஸ் வேகாஸின் கணக்கறை மட்டும் இன்னும் கொஞ்சம் நேரம் கேட்கிறது. ஸ்டார்டஸ்ட் சூதாட்ட விடுதியில் எந்திரங்களிலிருந்து வரும் சில்லறையை எண்ண மாட்டார்கள், மாளாது. தராசில் நிறுத்தித்தான் மதிப்பிடுவார்கள். 1970களில் அந்தத் தராசைத் திருத்திவைத்தார்கள். மூன்று பங்கு எடைக்கு இரண்டு பங்குதான் காட்டும். கணக்கில் வராத மூன்றாவது பங்கு நோட்டாக மாறி, கைமாறி, விமானமேறி, கேன்சாஸ் சிட்டி, சிகாகோ நிழலுலகத் தலைவர்களின் மடியில் விழுந்தது. சட்டப்படி உரிமம் பெற்ற விடுதி அது! பழ வண்டித் தராசில் எடை குறைப்பவரைப் பிடித்துக் கேட்க நம் ஊரில் ஆள் உண்டு. இந்தத் தராசைப் பிடிக்க 1976 வரை ஆனது.

அரசுகள் சும்மா இருக்குமா? நம்பர் ஆட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டன. 1975இல் நியூஜெர்சி, 1980இல் நியூயார்க். அதே மூன்று இலக்கம், தினமும். நியூயார்க்கில் நேராகக் கட்டினால் 1 டாலருக்கு 500. ஆம், ஹார்லெம் தெருவில் 600. அரசாங்கக் கவுண்டரில் 500. பந்துகள் குதிப்பதைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டினார்கள், அதனால் தெரு நம்பர்காரர்களும் மகிழ்ச்சியாக அரசின் எண்ணையே தங்கள் எண்ணாக வைத்துக்கொண்டார்கள். கிளியரிங் ஹவுஸ் திரும்பி வந்துவிட்டது என்றே தோன்றியிருக்கும் அவர்களுக்கு. கேமரா முன்னால் ஊரறிய எடுக்கும் எண்ணை யார் தொட முடியும்?

1980 ஏப்ரல் 24. பென்சில்வேனியா மாநில லாட்டரி. குலுக்கல் நடந்த தொலைக்காட்சி நிலையம் இருந்த ஊர் பிட்ஸ்பர்க், கிரீன்லியின் அதே பிட்ஸ்பர்க். கண்ணாடிக் கூண்டுக்குள் காற்றில் பந்துகள் குதிக்கின்றன. எப்போதும் சிரித்த முகத்தோடு நிகழ்ச்சி நடத்தும் நிக் பெர்ரி பக்கத்தில் நிற்கிறார். 6. இன்னொரு 6. இன்னொரு 6. மாநிலம் 35 லட்சம் டாலர் கொடுக்க வேண்டிவந்தது. தெருவில் சீட்டு எழுதியவர்களுக்கும் பலத்த அடி.

4, 6 என்ற எண்களைத் தவிர மற்ற எல்லாப் பந்துகளுக்குள்ளும் ஊசியால் வெள்ளைப் பெயின்ட் ஏற்றியிருந்தார்கள். கனம் கூடிய பந்துகள் மேலே எழும்பவில்லை. 4, 6 இரண்டை மட்டும் வைத்து மூன்று இலக்க எண் எழுதினால் எட்டு எண்கள்தான் வரும்: 444, 446, 464, 466, 644, 646, 664, 666. அண்ணன் தம்பி இருவர் ஊர் ஊராகப் போய் அந்த எட்டு எண்களிலும் கட்டுக் கட்டாக டிக்கெட் வாங்கியிருந்தார்கள். டிக்கெட் வாங்கப் போன ஒரு மதுக்கடையிலிருந்து, தொலைக்காட்சி நிலையத்துக்கு, நிக் பெர்ரிக்கு, ஒரு டெலிபோன் அழைப்பு போயிருந்தது.